மவுன்–கசானே: நான்கு பேர், ஒரு செஸ்னா 172

அக்டோபரில், மதியம் 12 மணிக்கு, தலா 75 கிலோ வீதம் நால்வர், டாங்க் நிறைய பெட்ரோலோடு செஸ்னா 172 சிறு விமானத்தில் போட்ஸ்வானாவின் மவுனிலிருந்து கசானேக்குக் கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

முதலில் எடை. செஸ்னாவின் 172எஸ் ரகம் கிளம்பும்போது இருக்கலாகும் உச்ச எடை 1157 கிலோ. காலி எடை ஏறக்குறைய 770 என்றால் மிஞ்சுவது 387. முழு டாங்க் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. ஆட்களுக்கு 243 கிலோதான். நீங்கள் நால்வரே 300! மூவராகப் போங்கள். உங்கள் விமானத்தின் எடைத்தாளில் உள்ள எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

அடுத்து வெப்பம். மவுன் ஓடுதளம் கிட்டத்தட்ட 3,100 அடி உயரத்தில் இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் காற்று மெலிவதால் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 6,200 அடி மாதிரி. சூரியன் உதித்ததும் கிளம்பினால் இந்தத் தொல்லை பாதி குறையும். அனலில் மேலேறி வட்டமிடும் கழுகுகளும் அப்போது குறைவு.

தூரம் சுமார் 160 கடல் மைல். ஒன்றரை மணி நேரம், 50 லிட்டர் போல. கசானேயில் ஏவ்கேஸ் (இந்த எஞ்சினுக்கான விமானப் பெட்ரோல்) இருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேளுங்கள். ஜெட் எரிபொருள் இருப்பதால் உங்களுக்கு லாபமில்லை.

வழியில் சஃபாரி முகாம்களின் ஓடுதளங்களில் இறங்குவதானால் முதலில் தாழப் பறந்து யானை, வரிக்குதிரை நிற்கிறதா பாருங்கள். இரவு நிறுத்தினால் சக்கரங்களைச் சுற்றி முள்கிளை போடுங்கள். கழுதைப்புலிக்கு டயர் என்றால் அல்வா. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி) பையில் அல்ல, உடம்பில் இருக்கட்டும்.