லெனேசியா: பியரில் கேஸ் ஏறவில்லை, நுரையும் நிற்கவில்லை

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில், வீட்டில் தயாரித்துச் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்து கராஜில் வைத்த பியரில் கேஸ் ஏறவில்லை, ஊற்றினால் நுரையும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடி சர்க்கரை போடாதீர்கள். லிட்டருக்கு 7 கிராம் போட்டதாகச் சொல்கிறீர்கள், அது போதும். புட்டிகளை 20 முதல் 24 டிகிரி வெப்பமுள்ள அறைக்கு மாற்றி இன்னும் இரண்டு வாரம் விடுங்கள்.

காரணம் குளிராகத்தான் இருக்கும். உங்கள் ஊரில் ஜூலை குளிர்காலம்; அந்த இரவில் கராஜில் ஏல் ஈஸ்ட் (ஏல் வகை பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்) தூங்கிவிடும். கடலோர டர்பனில் உங்கள் மச்சானுக்கு அதே அளவில் நன்றாக வந்ததும் அதனால்தான், அங்கே குளிர் மிதம். மாற்றும்போது ஒவ்வொரு புட்டியையும் மெல்லத் தலைகீழாக்கி, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒன்றை மட்டும் ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்து பாருங்கள். கேஸ் இல்லாமல் லேசான இனிப்பு இருந்தால் ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை. இனிப்பும் இல்லாமல் சப்பென்றிருந்தால் மூடி கசிகிறது.

அப்புறம் நுரை. ஊற்றியதும் கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. கறிச்சட்டி தேய்த்த ஸ்பாஞ்சு கிளாஸில் படவே கூடாது. சமையல் சோடா போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: நொதித்தல் முழுதாக முடியும் முன்பே அடைத்திருந்தால், சூட்டில் புட்டி வெடிக்கலாம். ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம், மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.