வுயார் ஓவியங்களில் பெண்கள் ஏன் சுவரோடு கலந்துவிடுகிறார்கள்?

பிரெஞ்சு ஓவியர் எதுவார் வுயாரின் கண்காட்சியில், பூப்போட்ட சுவர் எது, பெண்ணின் உடை எது என்றே பிரித்தறிய முடியவில்லை, இது ஓவியரின் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையே இல்லை, வேண்டுமென்றே செய்ததுதான்.

வுயாரின் அம்மா தையல் தொழில் செய்தவர். வீடே தையல்கூடம், துணிகளும் தைக்கும் பெண்களும் வுயாரின் கண்முன்னே இருந்த உலகம். 1928இல் அம்மா இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார்.

1893இல் அம்மாவையும் அக்காவையும் வரைந்த படத்தைப் பாருங்கள். கறுப்பு உடையில் அம்மா கால் மேல் கை ஊன்றி, அறையே தன்னுடையது என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். அக்காவோ ஓரத்தில் குனிந்து சுவரோடு ஒட்டி நிற்கிறார். அவருடைய கட்டம் போட்ட உடையைப் புள்ளிச் சுவர் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருந்தது என்பதை வடிவங்களே சொல்லிவிடுகின்றன. எனக்கு இது கொஞ்சம் பயமுறுத்தும் படம்.

இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மத்தீஸ் வேறு ரகம். 1908இல் வரைந்த ‘சிவப்பு அறை’ ஓவியத்தில் மேசைவிரிப்புக்கும் சுவருக்கும் ஒரே சிவப்பு, ஒரே நீலக் கொடி. முதலில் நீலமாக இருந்த அறையைச் சிவப்பாக மாற்றித் தீட்டினார். அங்கே பெண் ஒடுங்கவில்லை, நிதானமாகப் பழம் அடுக்குகிறாள்.

அடுத்த முறை இப்படிப்பட்ட படத்தில் முதலில் முகத்தையும் கைகளையும் தேடுங்கள். பெரும்பாலும் அவற்றில்தான் பூவோ கட்டமோ புள்ளியோ இருக்காது.