யெல்லோஸ்டோனில் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது?

நான்கு பேர், ஆறு நாள், வாடகை மோட்டார்ஹோம் (படுக்கை, கழிப்பறையோடு கூடிய வீட்டு வண்டி), அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் அதன் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பூங்காவுக்குள்ளேயே மேடிசன், கிரான்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே முகாம்களில் அதற்கு இடம் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நிறுத்தும் இடத்திலேயே சாக்கடை இணைப்பு வேண்டுமென்றால் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம்தான், சீக்கிரம் பதிவு செய்யுங்கள். வழியில் ஃப்ளையிங் ஜே லாரி நிறுத்தங்கள் பலவற்றில் கட்டணம் கட்டிக் காலி செய்யலாம்.

அப்புறம், கழிப்பறைத் தொட்டியை முதலில் திறங்கள், குளியல் தண்ணீர்த் தொட்டியை அதன்பின்; அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். முகாமில் குழாய் மாட்டியிருந்தாலும் காலி செய்யும் நேரம் வரை கழிப்பறைத் தொட்டியின் வால்வு மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது அடியில் தங்கிவிடும். முதல் பயணத்தில் நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன், அந்த நாற்றம்... சரி, கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.