இன்ஸ்டாகிராமில் யூசர்நேமை மாற்றினால் ஃபாலோயர்கள் போய்விடுவார்களா? பழைய பெயர் என்ன ஆகும்?

போக மாட்டார்கள். ஃபாலோயர்கள், பதிவுகள், ரீல்ஸ், லைக்குகள், இன்பாக்ஸ் உரையாடல்கள் எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளுக்குள் மாறாத ஓர் எண் உண்டு. யூசர்நேம் அதன் மேல் மாட்டிய பெயர்ப்பலகைதான். பலகையை மாற்ற ஒரு நிமிடம் போதும். தலைவலியெல்லாம் ஆப்புக்கு வெளியே இருக்கிறது: பழைய பெயரோடு நீங்கள் ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கும் லிங்க்குகளை இன்ஸ்டாகிராம் புதிய பெயருக்குத் திருப்பிவிடாது. சொந்தப் பெயரில் இருக்கும் கணக்கை வீட்டு கேக் வியாபாரத்துக்கு மாற்றப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே அந்த வெளிவேலைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பெயர். அதிகபட்சம் 30 எழுத்துகள். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அண்டர்ஸ்கோர் இவை மட்டும்தான் ஏற்கும். தமிழ் எழுத்தும் இடைவெளியும் கூடாது. புள்ளியில் தொடங்கவோ முடிக்கவோ முடியாது, இரண்டு புள்ளிகளை அடுத்தடுத்தும் வைக்க முடியாது. எக்ஸ் தளத்திலும் இதே பெயர் வேண்டுமென்றால் 15 எழுத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அங்கே வரம்பு அவ்வளவுதான்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தொல்லை உண்டு. மலர்விழி என்பதில் வரும் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். தகரத்துக்கு டி மட்டுமா, டி-எச்சா? நெடிலுக்கு ஒரு ஏ-வா, இரண்டு ஏ-வா? போனில் பெயரைக் கேட்டுவிட்டுத் தேடும் வாடிக்கையாளர் உங்கள் எழுத்துக்கூட்டலைத்தான் போடுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முடிந்தவரை ஒரே விதமாக மட்டும் எழுத வரும் பெயராகப் பாருங்கள். அண்டர்ஸ்கோரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம், இரண்டு சேர்ந்து வந்தால் திரையில் ஒரே கோடாகத் தெரியும். போலிக் கணக்கு தொடங்குபவர்களுக்கும் அதுதான் வசதி: ஒரு கோட்டைக் கூட்டினால் உங்கள் பெயர் மாதிரியே இருக்கும்.

தமிழில் பெயர் வைக்க ஆசை என்றால் யூசர்நேமுக்கு மேலே ‘நேம்’ என்று தனிப் பெட்டி இருக்கிறது. அது தமிழை ஏற்கும், தேடலிலும் வரும். கடைப்பெயரோடு ‘கேக்’ என்ற சொல்லையும் ஊரையும் அதில் போட்டுவையுங்கள். பலர் இதைக் காலியாகவோ சொந்தப் பெயராகவோ விட்டுவிடுகிறார்கள், வீண். ஆனால் 14 நாளில் இரண்டு முறைதான் நேமை மாற்ற முடியும், அதனால் முதலிலேயே யோசித்து எழுதுங்கள்.

மாற்றும் முன்பு கணக்கில் பதிந்திருக்கும் மெயிலும் போன் எண்ணும் இன்றும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிம் மாற்றியிருப்பீர்கள், பழைய எண் அங்கேயே கிடக்கும். யூசர்நேமை மாற்றிய பிறகு பழைய பெயரைப் போட்டு உள்ளே நுழைய முடியாது. போனில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு பழைய பெயரோடு ஒட்டியிருக்கும், புதிய பெயர் மறந்துவிடும், ஓடிபி வேறு யாருக்கோ போகும். மூன்றும் ஒரே நாளில் நடந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

இப்போது மாற்றும் வழி. உங்கள் புரொஃபைலில் ‘எடிட் புரொஃபைல்’ போய் ‘யூசர்நேம்’ என்பதைத் தொடுங்கள். பழையதை அழித்துப் புதியதை அடியுங்கள். பெயர் கிடைக்குமா என்று அங்கேயே தெரிந்துவிடும். கிடைத்தால் சேமியுங்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’, ‘புரொஃபைல்ஸ்’ வழியாகவும் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருப்பவர்கள் எந்தப் புரொஃபைலைத் தொட்டோம் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமோடு இணைந்த த்ரெட்ஸ் ஆப்பும் வைத்திருந்தால் அங்கும் பெயர் சேர்ந்தே மாறும், தனியாக வைத்துக்கொள்ள வழியில்லை. அதிகம் பேரைச் சென்றடையும் கணக்காக இருந்தால் மாற்றம் உடனே நடக்காமல் பரிசீலனைக்குப் போகலாம். பணம் கட்டி நீல டிக் வாங்கியவர்கள் மறுபடி சரிபார்ப்புக்கு உட்பட வேண்டிவரும்.

தேடினால் யாருமே வரவில்லை, ஆனால் பெயர் கிடைக்காது என்கிறதா? அந்தப் பெயர்க்காரர் கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வைத்திருக்கலாம், இன்ஸ்டாகிராமே நீக்கிய கணக்காக இருக்கலாம், உங்களை பிளாக் செய்தவராகவும் இருக்கலாம். நீங்களே எப்போதோ தொடங்கி மறந்த இரண்டாவது கணக்கில் அந்தப் பெயர் தூங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு, இதை முதலில் பாருங்கள். அப்படியானால் அந்தக் கணக்குக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, இந்தப் பெயரை இங்கே எடுக்க முயலலாம். உடனே கிடைக்காவிட்டால் சில நாள் விட்டுப் பாருங்கள். பதிவு போடாமல் வெறுமனே கிடக்கும் கணக்கின் பெயரை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். யூசர்நேம் விற்பதும் வாங்குவதும் விதிமீறல், மாட்டினால் கணக்கே போகும்.

பழைய பெயரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் 14 நாளுக்குள் அதற்கே திரும்பிவிடலாம். இன்ஸ்டாகிராம் அப்படித்தான் சொல்கிறது, அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி எடுத்தால், பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து வரும் ஆர்டர் நேராக அவரிடம் போகும். முன்பணம் வாங்கும் தொழிலில் இது விளையாட்டல்ல. அதனால் ஒரு காலிக் கணக்கைத் தொடங்கி, பழைய பெயரை அதற்கு வைத்து, பயோவில் புதிய யூசர்நேமை எழுதிவிடுங்கள். மாற்றிய கையோடு முயலுங்கள். ஏற்கவில்லையென்றால் 14 நாள் கழியும்வரை நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

லிங்க்குகளில் எது உடையும், எது உடையாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். புரொஃபைல் லிங்க் உடையும், ஏனென்றால் அதிலேயே யூசர்நேம் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் தரும் கியூஆர் கோடும் அதே லிங்க்கைத்தான் சுமக்கிறது, ஆகவே கேக் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் செல்லாது. தனிப் பதிவுக்கும் ரீலுக்கும் ஷேர் பட்டனில் எடுத்த லிங்க்குகள் பொதுவாக வேலை செய்யும். படத்தின் மேல் உங்களை டேக் செய்திருந்தால் அது புதிய பெயரைக் காட்டும். ஆனால் மற்றவர்கள் கேப்ஷனிலும் கமெண்டிலும் எழுதிய பழைய பெயர் வெறும் எழுத்தாகவே நிற்கும். தொட்டால் ‘இந்தப் பக்கம் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும்.

ஆகவே ஸ்டிக்கர், கார்டு, ஃபிளெக்ஸ் எதையும் புதிதாக அச்சடிக்கும் முன் பெயரை மாற்றுங்கள். கூகுள் மேப்ஸில் உள்ள கடை விவரம், வாட்ஸ்அப் பிசினஸ் புரொஃபைல், ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் சேனல் விவரம் ஆகிய நான்கையும் அன்றே திருத்துங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே ஸ்டோரியில் பெயர் மாறப்போவதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘யார் இது, நான் எப்போது ஃபாலோ செய்தேன்’ என்று சிலர் அன்ஃபாலோ செய்வார்கள். உண்மையில் ஃபாலோயர் குறைவது இந்த வழியில்தான். புரொஃபைல் படத்தையும் அதே நாளில் மாற்றாதீர்கள், முகமாவது பழகியதாக இருக்கட்டும். பயோவில் ‘முன்பு’ என்று போட்டுப் பழைய பெயரை ஒரு மாதமாவது வைத்திருங்கள், 150 எழுத்தில் அதற்கு இடம் கிடைக்கும். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆர்டர் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

யாரோ தொல்லை தருகிறார், அதனால் பெயரை மாற்றி ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இது உதவாது. அவர் உங்களை ஃபாலோ செய்பவரானால் புதிய பெயர் அவருக்கும் தெரியும், பழைய சாட்டைத் திறந்தாலும் தெரியும். பிளாக் செய்யுங்கள், கணக்கைப் பிரைவேட் ஆக்குங்கள்.

பெயர் மாற்றிய பிறகு ‘உங்கள் புதிய பெயர் காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் இந்த லிங்க்கில் உறுதிசெய்யுங்கள்’ என்று மெசேஜ் வந்தால் தொடாதீர்கள், பாஸ்வேர்டு திருடும் வேலை. இன்ஸ்டாகிராமிடமிருந்து உண்மையாகவே மெயில் வந்திருந்தால் அக்கவுண்ட்ஸ் சென்டரில் ‘பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் உள்ள ‘ரீசன்ட் ஈமெயில்ஸ்’ பட்டியலில் அது இருக்கும்.

இங்கே சொன்ன 14 நாள் கணக்கை மற்ற ஆப்களுக்கும் பொருத்திவிடாதீர்கள். ஸ்னாப்சாட்டில் யூசர்நேமை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம்.