சிவில் படிக்கப் பணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சேர்க்கைக் காலம் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. தமிழ்நாட்டில் பி.இ. சிவில் படிப்பதற்கான பண உதவி பற்றியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எந்த வாசல் வழியாக இடம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்த உதவி கிடைக்கும் என்பது முடிவாகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சார், என் மகள் நகராட்சிப் பெண்கள் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தாள். சிவில்தான் வேண்டும் என்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில் இப்போதே 50,000 கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். கட்டலாமா? (விழுப்புரம்)

கட்டாதீர்கள் அம்மா. உங்கள் மகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் வந்த சட்டம் அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது, நகராட்சிப் பள்ளியும் அதில் அடங்கும். அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. கல்லூரி தனியாராக இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் முன்கூட்டியே பணம் கட்டிச் சேர்வது நிர்வாக ஒதுக்கீடு. அந்த வழியில் சேர்ந்தால் இந்த உரிமை கிடையாது.

சிவிலுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிதடி நடக்கும் கல்லூரிகளில்கூட சிவில் கட்-ஆஃப் கணிசமாகக் குறைவு. அதனால் நல்ல கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் தைரியமாக மேலே போடுங்கள்.

இதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகையும் உண்டு, ஆண்டுக்கு 50,000. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். முதல் ஆண்டிலேயே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிக்கைக்கு உட்பட்ட தேர்வு என்பதால் கட்டாயம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

என் அண்ணன் பி.எஸ்சி. முடித்திருக்கிறான். எனக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா? (தேனி)

கிடைக்காது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது.

அப்பா கொத்தனார். நலவாரிய அட்டை இருக்கிறது. அதை வைத்து ஏதாவது கிடைக்குமா அண்ணா? (அரியலூர்)

கிடைக்கும் தம்பி. இதை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்குத் தனித் தொகை, விடுதியில் தங்கினால் இன்னும் கூடுதல். கட்டணம் முழுவதையும் அடைக்கிற அளவு பெரிய தொகை இல்லை. புத்தகம், டிராஃப்டர், பேருந்துச் செலவுக்கு ஆகும்.

இது யாரும் போடும் பிச்சை இல்லை. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வையாக வசூலித்துச் சேர்க்கும் பணம் அது. உன் அப்பா பூசிய சுவரிலிருந்து வந்த பணம். ஆனால் அட்டை காலாவதியாகியிருந்தால் மனு திரும்பி வந்துவிடும். பெரும்பாலான குடும்பங்கள் இழப்பது இப்படித்தான். இன்றைக்கே அட்டையின் பின்பக்கத் தேதியைப் பார். புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடி.

அக்கா பட்டதாரி, ஆனால் திருமணமாகிப் போய்விட்டாள். இப்போது நான் முதல் பட்டதாரிதானே?

இல்லை. திருமணமானாலும் அக்கா அக்காதான்.

சிவிலுக்குக் கடன் வாங்கிப் படிப்பதே முட்டாள்தனம். நான் பத்தாம் வகுப்பு முடித்து அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமா, இரண்டு வருடம் சைட் சூப்பர்வைசர், அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. ஒரு ரூபாய் கடன் இல்லை. இதைச் சொல்லாமல் ஏன் எல்லாரையும் கலந்தாய்வுக்கு அனுப்புகிறீர்கள்? (ஈரோடு, சைட் இன்ஜினியர்)

உங்கள் வழி நல்ல வழி, மறுக்கவில்லை. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் சொற்பம். கம்பி கட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வகுப்பில் உட்காரும் மாணவனுக்குப் பாடம் சட்டென்று புரியும். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அதில் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. பத்தோடு பாலிடெக்னிக் போனால் பன்னிரண்டை அரசுப் பள்ளியில் முடித்தவர் என்ற தகுதி இருக்காது. 7.5 சதவீதம் கைநழுவிப் போகும். நான்கு வருடக் கட்டணமும் விடுதியும் இலவசமாகக் கிடைக்க வேண்டியவரை டிப்ளமாவுக்கு அனுப்புவது சரியா?

(அவரே) பதினேழு வயதில் நான்கு வருடம் வெளியே சம்பாதிக்காமல் இருப்பதும் செலவுதானே? விடுதி இலவசம் என்றாலும் வீட்டுக்கு வருமானம் எங்கே?

நியாயமான கேள்வி. வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவை என்றால் டிப்ளமாதான் சரி, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அப்படிப் போனவர்களும் பட்டத்தை விட்டுவிட வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கக் கோவை, சேலம் அரசு பொறியியல் கல்லூரிகள் போன்ற இடங்களில் பகுதிநேர பி.இ. இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக டிப்ளமாவைச் சொல்ல மாட்டேன்.

(பெருந்துறையிலிருந்து இன்னொருவர்) அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்கு சைட்டில் முதல் சம்பளம் 16,000. கடன் வாங்கியிருந்தால் செத்திருப்பேன்.

அதனால்தான் கணக்குப் போடச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வருட முடிவில் வட்டி மட்டும் 1.4 லட்சம். 5.4 லட்சத்தை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 9,000. பதினாறாயிரம் சம்பளத்தில் அது கழுத்தை நெரிக்கும்.

அதே கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்தால் அந்த 1.4 லட்சம் உங்கள் தலையில் விழாது. மாதத் தவணை 6,600 அளவில் நிற்கும். பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரியின் தரத்துக்கு நாக் (NAAC) என்ற அமைப்பு தரும் அங்கீகாரமோ பாடப்பிரிவின் தரத்துக்கு என்பிஏ (NBA) என்ற அமைப்பு தரும் அங்கீகாரமோ வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைப் பாருங்கள், சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை. இந்த வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பி.ஆர்க். படிக்க உதவித்தொகை?

அது நாட்டா தேர்வு, தனிக் கலந்தாய்வு. கட்டடக்கலைப் பேராசிரியர் யாரையாவது கேளுங்கள்.

இங்கிலாந்தில் குவான்டிட்டி சர்வேயிங் படிக்க 25 லட்சம் கடன் எடுக்கலாமா?

வெளிநாட்டுப் படிப்பு என் துறை இல்லை. 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும், அதை மட்டும் சொல்கிறேன். குடியிருக்கும் ஒரே வீட்டின் பத்திரத்தை வைக்காதீர்கள்.

பி.இ. சிவில் கடைசி வருடம். வீட்டில் இனி பணம் இல்லை, எம்.டெக். ஆசை இருக்கிறது. (திருச்சி)

எம்.டெக்குக்குப் பணம் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. அதைவிட உனக்குப் பொருத்தமானது எல் அண்ட் டி-யின் பில்ட் இந்தியா ஸ்காலர்ஷிப். கட்டுமானத் தொழில்நுட்பம், மேலாண்மையில் எம்.டெக். சென்னை, டெல்லி ஐஐடிகள், திருச்சி, சூரத்கல் என்ஐடிகளில் படிக்க வைத்து, மாத உதவித்தொகையும் கொடுத்து, பிறகு வேலையும் தருகிறார்கள். கடைசி வருட சிவில், எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்கானது. தேர்வும் நேர்காணலும் உண்டு. படித்த பின் அங்கேயே சில வருடம் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும், அதை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திடு.

அப்பா அஞ்சல் வழியில் பி.ஏ. வாங்கியவர். முதல் பட்டதாரி...

பட்டம் பட்டம்தான். இது மூன்றாவது முறை. இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டேன். ஆதிதிராவிடர் மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வருமா?

வராது தம்பி. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது கிடையாது. கலந்தாய்வுச் சுற்றுகள் முடியவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. கட்டிய பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் எழுத்து மூலமாகத் திருப்பிக் கேள், அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்.

கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டது. வங்கியில் "உங்களுக்கு இங்கே கணக்கு இல்லை, கடன் தர முடியாது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். (கள்ளக்குறிச்சி)

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், அங்கே பதிவு இருக்கும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கிளை மேலாளர் தன் மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கல்விக் கடனை நிராகரிக்கக் கூடாது. நான்கு லட்சம் வரை பிணையம் கேட்கவும் கூடாது. அப்படியும் நகரவில்லை என்றால் ஒதுக்கீட்டு ஆணையின் நகலோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்கும் போங்கள். முதல் வருடக் கட்டணக் கெடுவுக்கு முன்பே போய்விடுங்கள்.