சிலிக்காவில் ஏற்றிய தாமிர வினையூக்கி: மூன்றாம் முறை ஏன் கைவிடுகிறது?

காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிலிக்காவில் அமீன் லிகண்டை (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) பிணைத்து, அதில் தாமிர புரோமைடை ஏற்றி, மெத்தில் மெதாக்ரிலேட்டை ஏடிஆர்பி (அணு மாற்றத் தனியுறுப்புப் பாலிமராக்கல்) முறையில் பாலிமராக்குகிறேன். டொலுயீனில், 90 டிகிரியில். முதல் முறை டிஸ்பெர்சிட்டி (சங்கிலிகளின் நீள வேறுபாட்டைக் காட்டும் எண்; எல்லாம் ஒரே நீளம் என்றால் 1) 1.4 வந்தது. வினையூக்கியை வடிகட்டிக் கழுவித் திரும்பப் போட்டால் வேகம் குறைகிறது. மூன்றாம் முறை டிஸ்பெர்சிட்டி 1.8-ஐத் தாண்டிவிட்டது. ஐந்து முறையாவது மறுபயன்பாடு காட்ட வேண்டும் என்கிறார் வழிகாட்டி. வேறு சிலிக்கா வாங்கிப் பார்க்கலாமா?"

சிலிக்காவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வேகம் குறைவது ஒரு கோளாறு, டிஸ்பெர்சிட்டி ஏறுவது வேறொரு கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் டிஸ்பெர்சிட்டி. 1995-இல் அமெரிக்காவில் மத்தியாசெவ்ஸ்கி குழுவும் ஜப்பானில் சவாமோட்டோ குழுவும் தனித்தனியே வெளியிட்ட இந்த ஏடிஆர்பியின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், வளரும் சங்கிலியை உடனுக்குடன் உறங்க வைப்பதில் இருக்கிறது. தாமிரம்-1 (ஒரு எலக்ட்ரானை இழந்த தாமிரம்) சங்கிலி நுனியிலிருந்து புரோமினைப் பறித்து அதை எழுப்புகிறது. அப்போது உருவாகும் தாமிரம்-2 (இரண்டு எலக்ட்ரானை இழந்தது) புரோமினைத் திருப்பிக் கொடுத்து உறங்க வைக்கிறது. கரைசலில் இரண்டும் சுதந்திரமாகத் திரிவதால் நுனி எங்கே இருந்தாலும் தாமிரம்-2 போய்ச் சேர்ந்துவிடும். தாமிரத்தைச் சிலிக்காவில் கட்டிப்போட்டால் கதை மாறுகிறது. பந்தியில் பரிமாறுபவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, இலையில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அந்த நிலைமைதான். அதிலும் சங்கிலி நீள நீள அதற்கு நகர்வதே பாடு. துளைக்குள் இருக்கும் தாமிரத்தை அதனால் எட்டவே முடியாது. உறங்க வைக்க ஆள் வருவதற்குள் மோனோமர்கள் வரிசையாகச் சேர்ந்துவிடுகின்றன, சில சங்கிலி நீளமாகவும் சில குட்டையாகவும் போகிறது.

அப்படியானால் முதல் முறை 1.4 எப்படி வந்தது? பெரும்பாலும் சிலிக்காவிலிருந்து கசிந்த கொஞ்சம் தாமிரம்தான் கரைசலில் அந்த வேலையைச் செய்திருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் அக்கறையாகக் கழுவுகிறீர்கள், அந்தக் கசிவும் கழுவலோடு போய்விடுகிறது. மூன்றாம் முறை கட்டுப்படுத்த ஆளில்லை. இத்தகைய சில வினையூக்கிகளில் கசிந்த தாமிரமே கட்டுப்பாட்டின் பெரும்பங்கைச் செய்வது ஆய்வுகளில் தெரியவந்ததுதான். உங்களுடையதும் அப்படியா என்று பார்த்துவிடுங்கள்.

மோனோமர் 30, 40 சதவீதம் தீர்ந்ததும், சூடு ஆறுவதற்கு முன், நைட்ரஜனுக்குள்ளேயே கரைசலை வடிகட்டி, முன்பே சூடாக்கி வைத்த இன்னொரு குடுவைக்கு மாற்றுங்கள். ஆறவிட்டு வடிகட்டினால் கசிந்த தாமிரம் திரும்பச் சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும், சோதனை ஏமாற்றிவிடும். வடிகட்டிய கரைசலை 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மோனோமர் குறைகிறதா என்று பாருங்கள். ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். தாமிரம்-2 மட்டும் கசிந்திருந்தால் வினை நின்றுபோகும், கசிவே இல்லை என்று தோன்றும். ஆகவே தாமிரத்தின் அளவைக் காட்டும் அணு உறிஞ்சல் அளவியலுக்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள். அந்த மாதிரி வடிகட்டிய கரைசலை உலர்த்தி எடுத்ததாக இருக்கட்டும். மெத்தனாலில் வீழ்படிவாக்கிய பாலிமரை அனுப்பினால் தாமிரத்தில் ஒரு பகுதி மெத்தனாலோடு போயிருக்கும், எண் அழகாக வரும், உண்மையாக இருக்காது.

இன்னொன்று. காந்தக் கலக்கிக் குச்சி சிலிக்காத் துகளை அரைத்துப் பொடியாக்கும். அந்தப் பொடி வடிதாளைத் தாண்டிப் போய் கசிவு போலக் கணக்கில் ஏறும். மேலிருந்து சுழலும் துடுப்புக் கலக்கிக்கு மாறுங்கள்.

கசிவுதான் என்று தெரிந்தால் வருத்தப்பட வேண்டாம், அதையே முறையாகச் செய்யலாம். கரையக்கூடிய தாமிரம்-2 புரோமைடை மீ6டிரென் என்ற அமீன் லிகண்டோடு, சிலிக்காவில் உள்ள தாமிரத்தில் 3 சதவீத அளவுக்கு, ஒவ்வொரு முறையும் நீங்களே சேர்த்துப் பாருங்கள். எழுப்புவதைச் சிலிக்கா பார்த்துக்கொள்ளும், உறங்க வைப்பதை இந்தச் சிறு பங்கு பார்த்துக்கொள்ளும். கலப்பு வினையூக்கி என்று மத்தியாசெவ்ஸ்கி குழுவே காட்டிய வழி இது.

அடுத்து வேகம். இரண்டு சங்கிலி நுனிகள் தங்களுக்குள் மோதிச் செத்துப்போகும் ஒவ்வொரு தடவையும் இரண்டு தாமிரம்-2 திரும்ப வழியில்லாமல் மிஞ்சும். காற்றே படாவிட்டாலும் இது நடக்கும். வடிகட்டும்போது காற்றும் பட்டால் கேட்கவே வேண்டாம், தூள் பச்சை ஏறிவிடும். கழுவும் கரைப்பானிலும் ஆக்சிஜனை நீக்கியிருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பிறகு தூளை ஒடுக்க வேண்டும், அதாவது தாமிரம்-2-ஐத் திரும்பத் தாமிரம்-1 ஆக்க வேண்டும். அஸ்கார்பிக் அமிலம் மலிவு, ஆனால் ஒடுக்கும்போது ஹைட்ரஜன் புரோமைடு வரும். அது அமீன் லிகண்டைப் பிடித்துக்கொண்டு தாமிரத்தை அவிழ்த்துவிடும், கூடவே ஒரு காரம் வேண்டும். தாமிரக் கம்பி சுத்தமானதுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுத் தாமிரம் சேர்கிறது. லிகண்டில் இடம் இல்லாவிட்டால் அது கசியும். உங்கள் டொலுயீனுக்குத் தகரம்-2 எத்தில்ஹெக்சனோயேட் நன்றாகக் கரையும், அமிலமும் தராது. தகரத்தின் மிச்சத்தையும் அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து முறை என்ற இலக்கைப் பற்றி வழிகாட்டியிடம் ஒரு கணக்கை வைத்துப் பேசுங்கள். மோனோமர், தொடக்கி, தாமிரம் 100:1:1 என்றால், எதையும் நீக்காத பாலிமரில் எடையில் சுமார் 6,300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 6,300 பங்கு) தாமிரம். மேலே சொன்ன 3 சதவீதம் அத்தனையும் தங்கினாலும் 190 பிபிஎம். தாமிரத்தைத் தொடர்ந்து ஒடுக்கிக்கொண்டே நடத்தும் அர்கெட் முறையில், மோனோமருக்கு 50 மோல் பிபிஎம் போட்டால் எடையில் 32 பிபிஎம்தான், அதில் வடிகட்டலே கிடையாது. தாமிரம் விலை குறைந்த உலோகம். மறுபயன்பாட்டில் மிச்சமாவது பெரும்பாலும் லிகண்டின் விலையும் பாலிமரின் நிறமும்தான். விலை உயர்ந்த ருத்தீனியமாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஆகவே ஆய்வேட்டில் எத்தனை முறை என்பதோடு, ஒவ்வொரு முறையும் கசிந்த தாமிரம், மூலக்கூறு எடை, டிஸ்பெர்சிட்டி, அரை மணிக்கு ஒரு தரம் எடுத்த மோனோமர் மாற்றம் ஆகிய எல்லாம் இருக்கட்டும். கடைசி விளைச்சலை மட்டும் போட்டால் வேகக் குறைவு அதில் மறைந்துவிடும்.

காரைக்குடியில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஊரே மின்வேதியியல் படித்த ஊர், மின்னழுத்தத்தால் தாமிரம்-2-ஐ ஒடுக்கும் மின்வழி ஏடிஆர்பியை ஏன் ஒரு அத்தியாயமாகச் சேர்க்கக் கூடாது? 2011-இல் வந்த முறை இது. வேதிப்பொருள் ஒடுக்கி தேவையில்லை. வேலை முடிந்ததும் மின்னழுத்தத்தை இன்னும் எதிர்மறையாக்கினால் தாமிரத்தை மின்முனையில் படியவைத்து எடுத்துவிடலாம். டொலுயீன் மட்டும் உதவாது, மின்சாரம் கடத்தாது. டைமெத்தில் ஃபார்மமைடுக்கு மாறி, மின்பகுளி உப்பு ஒன்றையும் கரைத்துக்கொள்ளுங்கள்.