டீச்சரிடம் கேளுங்கள்: எங்கள் ஒழுங்கையும் கணக்கில் இருக்கிறதா?

கேள்வி: காலநிலை அனர்த்தங்களில் இலங்கை உலகத்திலேயே இரண்டாவது நாடு என்று ஒரு பழைய பத்திரிகைத் துண்டை மகன் வாசித்துக் காட்டினான். ஒரு நாடு தாங்குமா தாங்காதா என்பதை எதை வைத்து அளக்கிறார்கள் டீச்சர்? எங்கள் ஒழுங்கையும் அந்தக் கணக்கில் இருக்கிறதா?
– வாசகி, வெல்லம்பிட்டிய

பதில்: மகன் வாசித்தது ஜேர்மன்வொட்ச் என்ற அமைப்பின் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும். 2017இல் நடந்தவற்றை வைத்து அவர்கள் போட்ட வரிசையில் போர்ட்டோ ரிக்கோ முதலாவது, இலங்கை இரண்டாவது. அந்த வருட மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இங்கே 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியல் எத்தனை உயிர் போனது, எவ்வளவு சொத்து அழிந்தது என்பதைத்தான் எண்ணுகிறது. அடி விழுந்த பிறகு எடுக்கும் கணக்கு அது.

தாங்கும் சக்தியை அளப்பவர்கள் வேறு. அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகக் குறியீடு, உணவு, தண்ணீர், சுகாதாரம், குடியிருப்பு போன்றவற்றில் நாடு எவ்வளவு பலவீனம் என்று ஒரு பக்கம் பார்க்கிறது; பொருளாதாரம், ஆட்சி, சமூகம் மூன்றும் எவ்வளவு தயார் என்று மறுபக்கம் பார்க்கிறது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு மையம் நடத்தும் இன்ஃபோர்ம் குறியீட்டில் 'சமாளிக்கும் சக்திக் குறைவு' என்றே ஒரு தனிப் பகுதி உண்டு. நிர்வாகம், ஊழல், வைத்தியர்கள், தடுப்பூசி எல்லாம் அதில் வரும். செய்தி போய்ச் சேருமா என்பதற்கு மின்சாரம், கைபேசி, இணையம், எழுத்தறிவு ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள்.

அந்த நான்கில்தான் என் மனம் நிற்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நான் கொலன்னாவையில் தங்கை வீட்டில் இருந்தேன். இரவு அவளுடைய போனுக்கு ஓர் அறிவித்தல் வந்தது, சிங்களத்தில். தங்கை சிங்களம் நன்றாகப் பேசுவாள், வாசிக்க வராது. எனக்கும் அப்படித்தான். விடியப்புறம் பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசித்துச் சொன்னபோது தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டது. அம்மாவையும் அவருடைய மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். தங்கைக்குச் சோறு போட்ட தையல் மெஷின் உள்ளேயே போயிற்று.

இப்போது அந்தக் குறியீட்டை எடுத்துப் பாருங்கள். தங்கை தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவள், கையில் போன் இருக்கிறது, வீட்டில் மின்சாரம் இருக்கிறது. எல்லா இடத்திலும் அவளுக்குச் சரி போடுவார்கள். எச்சரிக்கை மட்டும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்ந்தாலும் போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆபத்து தெரிந்திருந்தது. போய்க் குடியிருக்க அந்தச் சனத்துக்கு வேறு காணி இருக்கவில்லை.

உங்கள் ஒழுங்கையும் கணக்கில் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நாட்டுக்கு ஓர் இலக்கம் கொடுத்தால் வசதியான கறுவாத்தோட்டமும் ஆற்றோரச் சேதவத்தையும் அதற்குள் ஒன்றாகிவிடும். அதனால் உங்கள் கணக்கை நீங்களே எடுத்து வையுங்கள் என்கிறேன். தானாக எழும்பி நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில்? சிங்களம் வாசிக்கக்கூடியவர் யார்? கிராம உத்தியோகத்தரின் இலக்கம் யாரிடம்? எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும், இரவு 2 மணிக்கு அதன் திறப்பு யாரிடம்? மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

கேள்வி: டித்வா சூறாவளியில் 600க்கு மேற்பட்டோரை இழந்தோம். பங்களாதேஷ் நம்மைவிட வசதி குறைந்த நாடு. அங்கே மட்டும் இறப்பு எப்படிக் குறைந்தது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அவர்கள் கொடுத்த விலையை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1970 நவம்பர் சூறாவளியில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991இல் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2007இல் சிட்ர் சூறாவளி வந்தபோது இறந்தவர்கள் சில ஆயிரம். அதுவும் பெரிய தொகைதான், ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். கரையோரமெங்கும் உயரமான புகலிடங்களைக் கட்டினார்கள். கொடி ஏற்றி, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகப் பல்லாயிரம் தொண்டர்களைப் பழக்கினார்கள். அந்தத் தொண்டர் அதே ஊர்க்காரர், அதே பேச்சு பேசுபவர். சூறாவளியையும் மண்சரிவையும் ஒரே தராசில் வைக்க முடியாது, மலை சரிய நேரம் எடுக்காது. ஆனாலும் ஊருக்குள் ஓர் ஆளைப் பழக்கி வைப்பது நம்மால் முடியாத செலவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: 'நாகலகம் வீதியில் இத்தனை அடி' என்று வானொலியில் சொல்கிறார்களே, அது என்ன?
– மாணவி, மட்டக்குளி

பதில்: கிராண்ட்பாஸ் பக்கம் களனி கங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களம் வைத்திருக்கும் அளவுகோல் அது. 4 அடி வந்தால் விழிப்பாக இரு, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஆனால் மகளே, அதை மட்டும் கேட்காதே, மேலே ஹங்வெல்லவில் எவ்வளவு என்றும் கேள். அங்கே ஏறுகிற தண்ணீர்தான் பிறகு நம்மிடம் வருகிறது. இடையில் கிடைக்கும் நேரத்தில் பாடப் புத்தகங்களை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, அம்மம்மாவை முதலில் கூட்டிக்கொண்டு போ.